பரிசல் கரடியின் முதுகு

போன மாதம் திவ்யா போன் செய்தாள். என்னோடு சில படங்களில் உதவியாளராக இருந்தவள். இப்போது தனியாகப் படங்களுக்கு ஆடை வடிவமைக்கிறாள். "அக்கா, ஆள் உள்ள புகுந்து நடிக்கிற யானைக்குட்டி ஒண்ணு வருதுங்க. தண்ணி சீன் வேற இருக்குது. நீங்க கரடிக்கு முதுகுல என்னமோ பண்ணுனீங்களாமே, அதைக் கொஞ்சம் சொல்லுங்க" என்றாள். போனில் சொல்லிப் பார்த்தேன். பாதியில் அவளுக்கும் குழம்பிப்போனது, எனக்கும் குழம்பிப்போனது. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் முதுகை மட்டும் தனியாக எழுத வரவில்லை. உள்ளே இருந்த ஆளையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எனக்குப் பிறந்த ஊர் கருமத்தம்பட்டி, கட்டிக்கொடுத்தது சூலூர். விமானப்படைக்காரர்களுக்குச் சீருடை தைக்கும் கடையில் தையல் கற்றேன். பிறகு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் பிரிவில் பேட்டர்ன் வெட்டினேன். பொள்ளாச்சிப் பக்கம் படம் எடுக்க வந்தவர்களுக்கு அவசரமாகத் தைக்க ஆள் தேவைப்பட்டபோது, கொஞ்ச நாள் வேலைதானே என்று போனேன். முழங்கால் மடக்க முடியாமல் ஓய்வு பெறும்வரை அந்த வேலையிலேயே இருந்துவிட்டேன்.

அதில் பாதிக்குமேல் ஆடை வடிவமைப்பாளர் நஸ்ரின் மேடத்திடம். கோயம்புத்தூர் கோட்டைமேட்டுக்காரர். அப்பாவுக்குத் துணிக்கடை. என்னைவிட நன்றாக இளையவர். அவர் என்னைக் கமலாக்கா என்பார், நான் அவரை மேடம் என்பேன். இருவரும் தனியாக இருக்கும்போது சில நேரம் எனக்குக் 'கண்ணு' என்று வாயில் வந்துவிடும். அவர் கவனிக்காத மாதிரி இருந்துகொள்வார்.

நஸ்ரின் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. வேலை சரியில்லை என்றால் உடுப்பை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மேசைமேல் விரித்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். நாங்கள் கத்தரியை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்துவிடுவோம். நடிகர்களுக்கு அளவு எடுப்பதும் அவருக்கு ஒரு தனி முறை. நிற்கவைத்து ஒரு அளவு, உட்காரவைத்து ஒரு அளவு, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி ஒரு அளவு. தைத்து முடித்ததும் போட்டுக்கொண்டு குனியச் சொல்வார், படி ஏறச் சொல்வார், ஒரு தட்டில் சோறு கொடுத்துச் சாப்பிடச் சொல்வார். கடைசியாக, "அவசரத்துக்கு பாத்ரூம் போக முடியுமுங்களா?" என்று கேட்பார். ராஜா வேடம் போட்ட பெரிய நடிகர்களே அதற்குத் திணறியிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இன்னொன்று உண்டு. கனமான வேடம், முகமூடி, கவசம் எதுவானாலும் முதலில் அவர் போட்டுக்கொண்டு வெயிலில் நடப்பார். "நாம போட்டுப் பார்க்காததை அடுத்தவங்களுக்குப் போட்டுவிடக் கூடாதுங்க அக்கா" என்பார்.

கரடி வந்த படம், ஒரு பழைய சிறுவர் கதையிலிருந்து எடுத்தது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது, என் பிள்ளைகளும் படித்தது. பேச்சு போய்விட்ட தம்பிக்காக அக்காக்காரி ஒருத்தி காட்டுக்குள் போவாள். குறுக்கே ஆறு. அக்கரைக்குக் கூட்டிப்போக அங்கே பரிசல் ஓட்டுவது ஒரு கரடி. படம் முழுக்கப் பேசாது. நடையிலும் தோளிலும்தான் எல்லாம். கம்ப்யூட்டரில் வரைந்துவிடலாம் என்று பலர் சொல்லியும், குழந்தை தொட்டு நடிக்க நிஜமான கரடி வேண்டும் என்று டைரக்டர் பிடிவாதமாக இருந்தார். சென்னைக்கார இளைஞர், அந்தக் கதைமேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

சூலூரில் ஒரு விசைத்தறிக் கொட்டகையை எங்களுக்கு வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார்கள். பக்கத்துக் கொட்டகையில் தறி ஓடிக்கொண்டே இருக்கும், கத்தித்தான் பேச வேண்டும். அங்கே இரண்டு கரடி செய்தோம், ஒன்று கெட்டால் இன்னொன்று. உள்ளே உடம்போடு ஒட்டும் பனியன் துணி, அதன்மேல் சதைக்கு ஸ்பாஞ்ச், அதன்மேல் மயிர்த்துணி.

கரடிக்குள் இருக்கத் தேர்வானவர் மாரிமுத்து. பல்லடம் பக்கம் கோழித் தீவன மூட்டை ஏற்றி இறக்குகிறவர். திருவிழா நாடகங்களில் ராட்சதன் வேடம் கட்டுவார். நடந்து காட்டச் சொன்னபோது மற்றவர்கள் எல்லாம் கையை விரித்து உறுமினார்களாம். இவர் பேசாமல் அந்தப் பக்கம் நடந்து இந்தப் பக்கம் வந்தாராம். டைரக்டர் அப்போதே முடிவு செய்துவிட்டார். "அது ஒண்ணுமில்லீங் அக்கா, பிடரியில மூட்டை இருக்கற மாதிரி நெனச்சுட்டு நடந்தேன்" என்று என்னிடம் சொன்னார்.

மேலே போட்ட துணியில் குண்டூசி குத்தி நிற்கவைத்தால் மனிதர்கள் நிறையப் பேசுவார்கள். அன்று மாரிமுத்து பேசாமல் நின்றார். தோள்பட்டையை நான் குறித்துக்கொண்டிருந்தபோது என் காதருகே குனிந்து கேட்டார்.

"ஏனுங் அக்கா, இந்தத் தலையை மாட்டிட்டா தண்ணிக்குள்ள மூச்சு எவ்வளவு நேரம் நிக்குமுங்க?"

"தண்ணிக்குள்ள எதுக்குங்க மூச்சு? நீங்க பரிசல் மேலதான இருக்கப் போறீங்க?"

கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, "எனக்கு நீச்சல் வராதுங்க. கேட்டாங்க, வருமுன்னு சொல்லிப்போட்டேன்" என்றார்.

நான் ஊசிகளை எடுத்து டப்பாவில் போட்டேன். "இதை மேடத்துக்கிட்டச் சொல்லாம இருக்க முடியாதுங்களே" என்றேன்.

"அக்கா, உங்களைக் கும்புடறேன். எங்க புள்ள பள்ளிக்கூடம் பூராச் சொல்லி வெச்சிருக்குது, எங்கப்பாதான் கரடின்னு. இது தெரிஞ்சா என்னைய எடுத்துப்போடுவாங்க."

"கோவிச்சுக்காதீங்க. நான் சொல்லித்தான் ஆகோணும்."

கோபித்துக்கொண்டார். நான் கூப்பிட்டு நஸ்ரின் வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. நஸ்ரின் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். "பழக்கமில்லீங்களா, பயமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"சின்னதுல கிணத்துல விழுந்துட்டேனுங்க. அதுல இருந்து முழங்காலுக்கு மேல தண்ணி வந்தா நெஞ்சு அடைக்குதுங்க."

"சரிங்க. டைரக்டர்கிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

மறுநாள் அப்படியே நடந்தது. புரொடக்‌ஷன் மேனேஜர் வேறு ஆளைப் போடலாம் என்றார். டைரக்டர், "இவர் நடையை வேற யார் நடப்பாங்க?" என்றார். ஆறு மெதுவாக ஓடும் இடமாகப் பார்ப்பது, பரிசலுக்குக் கயிறு கட்டுவது, நீச்சல்காரர்களைத் தண்ணீரில் நிறுத்துவது, ஒத்திகையில் குழந்தைக்குப் பதில் பொம்மையை வைப்பது என்று பேசி முடித்தார்கள். மாரிமுத்துவும் தலையை ஆட்டினார். எல்லாரும் எழும்போது நஸ்ரின் சொன்னார், "இன்னொண்ணு இருக்குதுங்க. தண்ணில விழுந்தா அந்த உடுப்பு தானாத் திறந்துக்கோணும். அது ஆகிற வரைக்கும் நான் அவருக்கு உடுப்பு மாட்ட மாட்டேன்."

"முதுகுல ஜிப் வைக்க முடியாதே மேடம். பரிசல் சீன் பூரா கேமரா அவர் பின்னாடிதான்" என்றார் டைரக்டர்.

"ஜிப் வைக்கலீங்க. ஜிப்ல மயிர் சிக்கிக்கும். அவர் கையும் அங்க போகாது."

பிறகு எப்படி என்று அவருக்கும் அன்று தெரியாது, எனக்கும் தெரியாது.

முதல் யோசனை மாரிமுத்து கொடுத்தது. என்மேல் இருந்த கோபம் அதற்குள் கொஞ்சம் ஆறியிருந்தது. தீவன மூட்டையின் வாயை ஒற்றை நூலால் சங்கிலி மாதிரி தைத்திருப்பார்கள். சரியான பக்கத்து நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தத் தையலும் சரசரவென்று உருவிக்கொண்டு வரும். "அது மாதிரித் தெச்சுப்போட்டா என்னங்க?" என்றார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. மூட்டை தைக்கிற மெஷினைக் கொண்டுவந்து கரடியின் முதுகை மூடினேன். மேசைமேல் அழகாகப் பிரிந்தது.

தண்ணீரில் பார்க்க வேண்டுமே. சூலூருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் கழுத்தளவுத் தொட்டி இருந்தது. கரடியை மாட்டிக்கொண்டு நஸ்ரினே இறங்கினார். நானும் என் வீட்டுக்காரரும் தொட்டி விளிம்பில் கயிற்றோடு நின்றோம். நஸ்ரின் முங்கினார், முன்பக்கம் கொண்டுவந்திருந்த நூல் நுனியை இழுத்தார். முதுகு ஒரு சாண் திறந்தது. அப்புறம் நின்றுவிட்டது. நாங்கள் இருவரும் இழுத்தும் அவரைத் தூக்க முடியவில்லை. ஸ்பாஞ்ச் முழுக்கத் தண்ணீர். தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களும் ஓடிவந்து இழுத்துத்தான் மேலே கொண்டுவந்தோம். தலையைக் கழற்றியதும் நன்றாக இருமினார். இருமி முடித்து, "எந்த இடத்துல நின்னுச்சுன்னு பாருங்க கமலாக்கா" என்றார். முதுகைத் திருப்பிப் பார்த்தேன். நனைந்த மயிர் நூலோடு சுற்றிக்கொண்டு முடிச்சாகியிருந்தது. அது இல்லையென்றாலும் பயன்பட்டிருக்காது. சங்கிலித் தையல் நூலை மிகுதியாகத் தின்னும்; கை நீளத்துக்கு ஒருமுறை இழுத்தால் பிரிவது ஒரு சாண்தான்.

முதலில் ஸ்பாஞ்சை எல்லாம் பிய்த்துப் போட்டோம். அதற்குப் பதிலாகச் செருப்பு செய்கிற ரப்பர் ஷீட். அது தண்ணீர் குடிக்காது, மிதக்கும். ஆனால் இடுப்பில் அதிகமாக வைத்தால் கால் மேலே வந்து தலை கீழே போகும். அதையும் நஸ்ரின் தொட்டியில் தலைகீழாகக் கவிழ்ந்துதான் தெரிந்துகொண்டோம். நெஞ்சில் கூட்டி, இடுப்பில் குறைத்தோம்.

முதுகுக்கு வழி கண்டுபிடித்தது நஸ்ரின். கொட்டகைக் கதவின் கீலைப் பார்த்துக்கொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "இந்த நடு ஆணியை உருவிட்டா கதவு என்ன ஆகுமுங்க அக்கா?"

"கையோட வந்துரும்."

"அப்ப முதுகுக்கும் கீல் வெச்சுரலாம்."

திவ்யா கேட்டது இதுதான். முதுகு நடுவில் பிளக்கும் இடத்தின் இரண்டு ஓரத்திலும் நாடாவில் வளையங்கள் தைத்தோம், விரல்கள் கோத்துக்கொள்வதுபோல ஒன்றுவிட்டு ஒன்று வரும்படி. எல்லா வளையத்துக்கும் ஊடாக ஒரே கம்பி போகும். கம்பி இருக்கும்வரை முதுகு மூடியிருக்கும். உருவினால் இரண்டாகப் பிளந்துவிடும், கழுத்தில் மாட்டிய தலையும் அதோடு கழன்றுவிடும். இழுக்க வேண்டிய நீளம் ஒரு கை வீச்சுதான். வளையங்களைச் சுற்றி மயிரை ஒட்ட வெட்டிவிட்டு, மேலே மட்டும் நீள மயிரை வாரி மூடினோம். எந்தக் கம்பி என்பதுதான் பிரச்சினை. கயிறு நனைந்தால் பிடித்துக்கொள்கிறது, நைலான் மடங்குகிறது. என் வீட்டுக்காரர் பைக் மெக்கானிக். "கிளட்ச் கேபிளைப் போடறது" என்றார். வளைந்து போகும், உறைக்குள் வழுக்கும், தண்ணீருக்குப் பயப்படாது. உறையோடு அக்குளுக்குக் கீழே கொண்டுவந்து நெஞ்சில் முடித்தோம். மறுபடி தொட்டி. நஸ்ரின் முங்கி இழுத்ததும், கரடி முதுகு பிளந்து அவர் அதிலிருந்து மேலே வந்தார். 

கரடிக்கு விரல் கிடையாது, பாதம்தான். அதில் மாட்டி இழுக்கப் பெரிய வளையம் வேண்டும். அதை மறைக்கக் குறுக்கே ஒரு தோல்வாரும் பையும் போட்டுக் காட்டினோம். டைரக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "புத்தகத்துப் படத்துல கரடி மேல ஒண்ணுமே கிடையாது மேடம். படிச்ச ஒவ்வொருத்தருக்கும் தெரியும். கேப்பாங்க."

நஸ்ரின் குரலை உயர்த்தவில்லை. "கதையில கரடிக்குப் பை கிடையாதுதானுங்க. கதையில வர்ற கரடி முழுகவும் முழுகாது. நம்மளுது முழுகும்."

டைரக்டர் அந்தப் பையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பழைய தோல் மாதிரி தேய்ச்சுக் கொடுங்க" என்றார். படம் வந்த பிறகு ஒரு பத்திரிகையில், புத்தகத்தில் உள்ளபடியே கரடிக்குத் தோல்பை கொடுத்திருக்கிறார்கள் என்று பாராட்டி எழுதியிருந்தார்கள். டைரக்டரே போன் செய்து சொல்லிச் சிரித்தார்.

அதற்கப்புறம் மாரிமுத்துவைத் தொட்டிக்குப் பழக்கினோம். முதலில் படியில் உட்கார்ந்து காலை நனைத்தார். அப்புறம் இடுப்பளவு. முகத்தைத் தண்ணீரிலிருந்து திருப்பிக்கொள்வார். நஸ்ரின் அவசரப்படுத்தவில்லை. வெறும் உடம்பில் தோல்வாரை மட்டும் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி வளையத்தைத் தேடி இழுக்கப் பழகினார். பிறகு முழுக் கரடியோடு. நீச்சல் கடைசிவரை வரவில்லை. இழுக்க மட்டும் வந்துவிட்டது. தூக்கத்தில் கூட நெஞ்சைத் தடவி இழுக்கிறார் என்று அவர் மனைவி சரசு என்னிடம் சொன்னாள்.

மேட்டுப்பாளையத்துக்கு மேலே பவானி ஆற்றில் படப்பிடிப்பு. காலை வெயிலில் முதல் ஒத்திகை. நான் கம்பியைக் கோத்தேன், நஸ்ரின் ஒவ்வொரு வளையத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பரிசலில் கரடிக்கு எதிரே பொம்மை, குழந்தையின் அதே பாவாடை சட்டையில், பின்னல் போட்டு ரிப்பன் கட்டியபடி. குழந்தை எங்களோடு கரையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. தண்ணீரில் இரண்டு நீச்சல்காரர்கள், உள்ளூர் மீன்பிடிக்காரர்கள். அவர்களில் பரிசலுக்கு அருகில் நின்றவர் பெயர் சின்னராசு.

பரிசல் நன்றாகத்தான் போனது. திரும்பும் இடத்தில் காற்று அடித்தது, பரிசல் சுற்றியது, கட்டியிருந்த கயிறு விறைத்து ஒரு பக்கமாக இழுத்தது. அவ்வளவுதான், கவிழ்ந்துவிட்டது.

கரையில் எல்லாரும் கத்தினார்கள். சின்னராசு பாய்ந்தார். பாய்ந்து, பாவாடை சட்டையைப் பிடித்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தண்ணீரில் ரிப்பன் கட்டிய தலை போனால் எந்த மனிதனின் கையும் அங்கேதான் போகும். இன்னொருவர் அக்கரைப் பக்கம் இருந்தார். கரடி முங்கி, ஒருமுறை முதுகு மட்டும் தெரிந்து, மறுபடி முங்கியது. நஸ்ரின் போட்டிருந்த உடையோடு ஆற்றுக்குள் ஓடினார். நான் கரையில் நின்றபடி என் நெஞ்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேனாம், பிறகு குழந்தையின் அம்மா சொன்னாள்.

முதுகு பிளந்தது. பழுப்பு மயிருக்கு நடுவில் வெள்ளைப் பனியன் தெரிந்தது. மாரிமுத்துவின் தலை மேலே வந்தது, வாயைத் திறந்து காற்றை இழுத்தது. அதற்குள் சின்னராசு பொம்மையை விட்டுவிட்டு அவரை எட்டிப் பிடித்துவிட்டார். இழுத்து வந்து நஸ்ரின் கையில் கொடுத்தார்.

மணலில் உட்காரவைத்துத் துண்டைப் போர்த்தினோம். பல் கிட்டியது. வலது கையில் வளையத்தை இறுக்கிப் பிடித்திருந்தார். விரலைப் பிரித்துத்தான் எடுத்தோம். "கரடி போச்சுங்களா அக்கா?" என்று கேட்டார்.

"போனாப் போகுதுங்க. நீங்க வந்துட்டீங்கல்ல" என்றார் நஸ்ரின். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

கரடி கொஞ்ச தூரத்தில் பாறையில் மாட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லாத அந்தத் தோலைக் கரையேற்ற நாலைந்து பேர் சேர வேண்டியிருந்தது. 

அந்தக் காட்சியை விட்டுவிட்டுக் கதை இல்லை. மறுநாள் மேனேஜர் இரண்டாவது கரடியைத் தயார் செய்யச் சொன்னார். நஸ்ரின், "அவரைக் கேளுங்க" என்றார். மாரிமுத்துவை எல்லாரும் பார்த்தோம். என்னைக் கும்பிட்டுக் கெஞ்சிய மனிதர் எழுந்து நின்று சொன்னார், "நான் எறங்கலீங்க. கரையில எவ்வளவு நேரம் வேணுமுன்னாலும் நடக்கறேன். ஆத்துல எறங்கலீங்க."

டைரக்டர், "சரிங்கண்ணா" என்றார்.

சின்னராசு முன்னால் வந்து, "நான் வேணுமுன்னா உள்ள போறனுங்க" என்றார். முந்தின நாளிலிருந்து அவர் யாரோடும் சரியாகப் பேசியிருக்கவில்லை. கரடியை அவருக்கு மாட்டினோம், கம்பியைக் கோத்தோம், வளையத்தை இழுக்கப் பழக்கினோம். ஆனால் துடுப்புப் போட்டதும் மீன்பிடிக்காரர்தான் தெரிந்தார், கரடி இல்லை. மாரிமுத்து கரையில் அங்கும் இங்கும் நடந்துகொண்டே சொல்லிக்கொடுத்தார். "தோளை விடுங்க, தோளை விடுங்க. பிடரியில ரெண்டு மூட்டை இருக்குதுன்னு நெனச்சுக்கங்க. அதை எறக்கிவெக்க எடமில்லீங்க. ஆங், இப்பப் போடுங்க துடுப்பை." மாலை வெயில் இறங்குவதற்குள் எடுத்து முடித்தார்கள்.

மற்ற எல்லாக் காட்சிகளிலும் மாரிமுத்துதான்.

படம் வெளியானபோது கோயம்புத்தூரில் ஒரு தியேட்டரில் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். நஸ்ரின், நான், என் வீட்டுக்காரர், மாரிமுத்து, சரசு, அவர்கள் மகள். எனக்குப் பக்கத்தில் சரசு, அவளுக்கு அந்தப் பக்கம் மாரிமுத்து. கரடி முதலில் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தபோது மகள் எழுந்து நின்று திரும்பி, பின்வரிசையில் இருந்த முன்பின் தெரியாதவர்களிடம், "எங்கப்பா" என்றாள். மாரிமுத்து அவளை இழுத்து உட்காரவைத்தார்.

பரிசல் காட்சி வந்தது. திரை முழுக்க ஆறு. பரிசல் மெதுவாக நடு ஆற்றுக்குப் போனது. சரசு மாரிமுத்துவின் கையைப் பிடித்ததை நான் பார்த்தேன். அவர் அவள் காதருகே குனிந்தார்.

"அது நானில்ல புள்ள. சின்னராசு."

"தெரியும்" என்றாள்.

பரிசல் அக்கரை சேர்ந்து, குழந்தை இறங்கி, கரடியும் இறங்கி மணலில் நடக்கிறவரை அவள் கையை விடவில்லை.